தண்ணீர் நிற்கிற மூலை

“எந்த மோட்டார் வாங்கணும் அக்கா?” என்று கேட்டார் தார்சியுஸ்.

கோமு அக்கா தொட்டிக்குள் விட்டிருந்த கையை வெளியே எடுக்கவில்லை.

தூத்துக்குடியில் வீட்டுக்குள் கடல் வளர்ப்பவர்கள் கொஞ்சம் பேர் உண்டு. ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் உப்புத் தண்ணீர், பாறை, பண்ணையில் வளர்த்த பவளம், ஒன்றிரண்டு மீன். கூப்பிடு தூரத்தில் நிஜக் கடலே கிடக்கும்போது இவர்களுக்கு ஏன் இந்தக் கிறுக்கு என்று ஊர் சிரிக்கும். அந்தக் கிறுக்கர்களுக்கெல்லாம் குரு கோமு அக்கா.

வயதில் மூத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தார்சியுஸுக்குத் தலை முழுக்க நரை. அக்காவுக்கு இன்னும் ஒரு முடி வெளுக்கவில்லை.

அவள் வீட்டு நடுக்கூடம் முழுக்கத் தொட்டிகள். எல்லாத் தொட்டியிலும் மோட்டார் ஓடும். அந்த முனகல் இரவும் பகலும் நிற்காது. வந்தவர்கள் என்ன பேசினாலும் அக்கா காதில் பாதிதான் விழும். மீதிக் காது மோட்டார்களிடம் இருக்கும்.

தார்சியுஸ் மறுபடியும் ஆரம்பித்தார்.

“சீலி வச்ச பவளம் சுருங்கிக்கிட்டே வருது. இருந்த மோட்டார் பழசு. சுத்துதா, தூங்குதான்னு தெரியல. குரூப்புல கேட்டேன். ஜெர்மன் மோட்டார்தான் வாங்கணுங்காவ. அந்தக் காசுக்கு நான் கடையில இன்னொரு ஓவர்லாக் மெஷின் போட்டுருவேன்.”

அவர் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற தையல்காரர். ஜூன் மாதம் ராஜா, மற்ற மாதங்களில் நம்மைப் போலத்தான்.

“என் கைக்கு அடக்கமா ஒண்ணு சொல்லுங்க அக்கா. அந்தப் பவளம் செத்துறக் கூடாது. அவ வச்சதுல அது ஒண்ணுதான் மிச்சம்.”

அக்கா கையை வெளியே எடுத்து, சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

“தண்ணி எங்க நிக்குது?” என்று கேட்டாள்.

“எங்கயும் நிக்கல. தொட்டியிலதான் இருக்கு.”

“அதக் கேக்கல. எந்த இடத்துல ஓடாம நிக்குது?”

தார்சியுஸ் சட்டைப் பொத்தானைத் திருகினார்.

“தெரியல” என்றார்.

தெரியும். அவருக்கு நன்றாகவே தெரியும்.

*

அவர் அக்காவிடம் மறைத்ததை நாம் ஏன் மறைக்க வேண்டும்? சொல்லிவிடலாம்.

சீலி அவர் மனைவி. அவளுக்கு மூச்சு இழுப்பு. துறைமுகத்துப் பக்கமிருந்து கரித்தூள் காற்றோடு வரும் என்று தார்சியுஸ் வீட்டு ஜன்னல்களை எல்லாம் சாத்தி வைத்தார். கட்டில், மருந்து, தொட்டி, எல்லாம் அந்த ஒரே அறையில். படுத்தபடியே அவள் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கோமு அக்கா கொடுத்த நகக்கண் அளவுத் துண்டை அவள்தான் பாறையில் ஒட்டினாள். அது உள்ளங்கை அகலத்துக்குக் காளான் மாதிரி விரிந்தது. விரிந்த குடையின் மேலெல்லாம் மெல்லிசாக நூல் நூலாக நீட்டிக்கொண்டு ஆடும்.

கடைசி நாளில் சீலியின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. தன் பேரைத்தான் சொல்கிறாள் என்று தார்சியுஸ் குனிந்தார். அவள் கை எதிர்ச் சுவர்ப் பக்கம் நீண்டது. சுவரோரம் தொட்டி. தொட்டிக்கு மேலே ஜன்னல்.

“தொட்டியா? நான் பாத்துக்கிடுதேன் சீலி. நீ கவலப்படாத” என்றார்.

கை இறங்கவில்லை. அவர்தான் அதைப் பிடித்து இறக்கி, நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

அது நடந்து சில மாதத்தில் கல்லறைத் திருநாள் வந்தது. கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றி, மந்திரித்த தண்ணீர் தெளித்து, பூ வைத்து வந்தார். கையில் ஒரு மெழுகுவர்த்தி மிச்சம் இருந்தது. அதைத் தொட்டியின் மூலையோரம் நிறுத்திக் கொளுத்தினார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

மோட்டார் நின்றது. தண்ணீர் கொஞ்சம் ஆடியது, பிறகு அடங்கியது. மூலைக் கண்ணாடியில் மெழுகுவர்த்திச் சுடர் நேராக நின்றது.

சுடருக்குப் பின்னால் ஒரு முகம் இருந்தது.

தன் முகம்தான் என்று நினைத்து அவர் தலையைச் சாய்த்தார். அது சாயவில்லை.

சீலி.

கழுத்துவரை தண்ணீருக்குள் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்து மூடுவதற்குள் மறுபடி திறந்தது. கடைசி நாளில் அசைந்த அதே அசைவு. அதே பேர்.

கரண்ட் வந்தது. மோட்டார் சுற்றியது. முகம் கலைந்துபோனது.

அன்றைக்குப் பயந்து திருப்பலிக்குக் காசு கொடுத்தவர்தான், மறுநாள் அவரே சுவிட்சை அணைத்தார். அதற்கப்புறம் பயம் விட்டுப்போயிற்று. மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வருவார். சோற்றுத் தட்டோடு தொட்டி முன்னால் உட்காருவார். மெழுகுவர்த்தி ஏற்றுவார். சுவிட்சை அணைப்பார். முதலில் சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் அணைத்து வைத்தார். பிறகு சாப்பிட்ட பிறகும் கொஞ்ச நேரம். இப்போதெல்லாம் தட்டில் சோறு காய்ந்துபோகிறவரைக்கும்.

மோட்டார் ஓடுகிற நேரத்திலும் அந்த மூலை கலங்கக் கூடாது என்று மோட்டாரின் தண்ணீர் தள்ளும் மூக்கை வேறு பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

உச்சிப் பொழுதில் தண்ணீர் ஓரத்தில் தனியாக உட்காரக் கூடாது என்று சொல்வார்கள். சொல்பவர்கள் யாரும் தார்சியுஸ் வீட்டுக்கு வருவதில்லை.

*

“பெரிய மோட்டார்னா நல்லதுதான அக்கா?” என்று அவர் பேச்சை மாற்றினார்.

அக்கா எழுந்துபோனாள். கல்யாண மண்டபத்தில் வைக்கிற பெரிய காற்றாடி ஒன்றை மூலையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்தாள். தார்சியுஸை ஸ்டூலில் உட்காரச் சொல்லி, அதை அவர் முகத்துக்கு நேராக வைத்துச் சுவிட்சைப் போட்டாள்.

நரைத்த முடியெல்லாம் பின்னால் படுத்துக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வந்தது.

“உங்க பேரச் சொல்லுங்க அண்ணாச்சி.”

அவர் வாயைத் திறந்தார். காற்று உள்ளே அடைத்தது. ஒரு பக்கக் கன்னம் ஊதிக்கொண்டது. முதுகுப் பக்கம் வேர்த்துக் கொட்டியது. “த்தா” என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

அக்கா அதை அணைத்தாள். சின்ன மேஜைக் காற்றாடிகள் ரெண்டை எடுத்து, அவருக்கு வலப் பக்கம் ஒன்றும் இடப் பக்கம் ஒன்றுமாக, ஒன்றையொன்று பார்க்க வைத்தாள். ரெண்டு காற்றும் நடுவில் மோதிக்கொண்டன. எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாமல் சட்டை எல்லாப் பக்கமும் படபடத்தது. முதுகு வேர்வை காய்ந்தது.

“இப்பச் சொல்லுங்க.”

“தார்சியுஸ்.”

“அவ்வளவுதான்” என்றாள் அக்கா.

அலமாரியிலிருந்து ரெண்டு சின்ன மோட்டார்களை எடுத்துக் கொடுத்தாள். எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. காந்தத்தால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். கடைகளில் வேவ்மேக்கர் என்று கேட்டால் இதைத்தான் முதலில் எடுத்து, மலிவு என்பதால் கொஞ்சம் முகம் சுளித்துக் கொடுப்பார்கள்.

“இது போதுமா அக்கா?”

“எதிரெதிர ஒட்டுங்க. ரெண்டு ஓட்டமும் நடுவுல மோதணும். மோதி எல்லா மூலைக்கும் போகணும்.” வாசல்வரை வந்து இன்னொன்றும் சொன்னாள். “போட்ட சுவிட்சத் தொடக் கூடாது.”

*

தார்சியுஸ் மோட்டார்களை ஒட்டினார். எதிரெதிரே ஒட்டினார். ரெண்டு ஓட்டமும் மோதி, மணல் லேசாகப் புரண்டது. மீன் ரெண்டும் குஷியாக எதிர்த்து நீந்தின.

சீலியின் மூலையில் தண்ணீர் நெளிந்தது.

அவர் ஒரு மோட்டாரின் மூக்கை விரலால் கொஞ்சம் திருப்பினார். இன்னும் கொஞ்சம். மூலை அடங்கியது.

அப்புறம் மெழுகுவர்த்தி ஏற்றினார். சுவிட்சைத் தொட்டார்.

*

“நீங்க சொன்னபடிதான் செஞ்சேன்” என்று கொஞ்ச நாள் கழித்து வந்து கத்தினார் தார்சியுஸ். சாதுவான மனிதர், அக்கா வீட்டு முனகலையும் மீறி அவர் குரல் கேட்டது அன்றைக்குத்தான். “மலிவான சாமானத் தலையில கட்டிட்டீய! பவளம் ஒரு பக்கம் கருத்துப்போச்சு. ஜோடி மீன்ல ஒண்ணு செத்துப் போச்சு. இன்னைக்கா நாளைக்கான்னு கெடக்கு எல்லாம். நான் அவளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன் அக்கா.”

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அதையும் கோபம் மாதிரியே அழுதார்.

அக்கா அவரை அழவிட்டாள்.

“தண்ணி எங்க நிக்குது?” என்றாள்.

“எங்கயும் நிக்கல!”

அக்கா ஒரு ரப்பர் குழாயையும் வாளியையும் எடுத்துக்கொண்டாள். செருப்பை மாட்டினாள்.

“வாங்க. உங்க வீட்டுக்குப் போவோம்.”

“இப்பமா? மத்தியானமா இருக்கே.”

“மத்தியானந்தான் போகணும்” என்றாள் அக்கா.

*

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அறைக்குள் இருட்டு. ஜன்னல் சாத்திக் கிடந்தது. கதவைத் திறந்ததும் மெழுகு வாடையும் அதற்கு அடியில் வேறொரு வாடையும் வந்தது. கெட்டுப்போன முட்டை வாடை.

ரெண்டு மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா மீன் தீனியை விரலில் நசுக்கித் தூளாகத் தண்ணீரில் போட்டாள்.

தூள் சுழன்றது. பாறையைச் சுற்றி ஏறி இறங்கியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஒரு மூலைப் பக்கம் ஒதுங்கி, அங்கே போனதும் நின்று, கீழே இறங்கியது. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

அந்த மூலையின் அடியில் கருப்பாக ஒரு மெத்தை கிடந்தது.

அக்கா குழாயை விட்டு அதை உறிஞ்ச ஆரம்பித்தாள். வாளி கருத்தது. வாடை மூக்கைப் பிடுங்கியது.

“மெதுவா” என்றார் தார்சியுஸ். “மெதுவா அக்கா. அங்க கலக்காதிய.”

“ஏன்?”

அவர் கண் சுவர்ப் பக்கம் போனது.

அக்கா நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். மோட்டார் சுவிட்சின் மேல் வெள்ளையாக மெழுகு படிந்திருந்தது. விரல் ரேகை பதிகிற அளவுக்கு.

“தினமும் அணைக்கியளா?”

தார்சியுஸ் கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு எழுந்தார்.

“காட்டுதேன்” என்றார்.

மெழுகுவர்த்தியை மூலையோரம் நிறுத்திக் கொளுத்தினார். சுவிட்சை அணைத்தார்.

முனகல் நின்றது. மோட்டார் சத்தம் நின்றால் பதறி எழுகிற அக்கா, கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் ஆடி, ஆடி, அடங்கியது.

சுடர் நேராக நின்றது.

முகம் வந்தது.

அக்கா பயப்படுவாள், அல்லது சிரிப்பாள், அல்லது அங்கே ஒன்றும் இல்லை என்பாள் என்று தார்சியுஸ் எதிர்பார்த்தார். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்பதுதான் அவருக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

அக்கா தரையில் முழங்கால் போட்டாள். கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள்.

“சீலி மெலிஞ்சுட்டாவ” என்றாள்.

இவ்வளவு நாளும் தார்சியுஸ் ஒருத்தர் கண்ணுக்குத்தான் என்று இருந்தது. இப்போது அது அறைக்குள் நிஜமாக நின்றது.

“எப்பலருந்து இங்க நிக்காவ?”

“கல்லறைத் திருநாள்லருந்து.”

“பேசுவாவளா?”

“வாய் மட்டும் அசையும். பாருங்க, அசையுது. சத்தம் வராது.”

“என்ன சொல்லுதாவ?”

“என் பேர.” அவர் குரல் குழைந்தது. “கடைசியிலயும் அதத்தான் சொன்னா. வேற யாரு பேரச் சொல்லுவா அக்கா? எனக்கு இது ஒண்ணு போதும். தினம் ஒரு மட்டம் என் பேரச் சொல்லிக் கூப்பிடுதா. இதப் போயி எப்படிக் கலைக்கச் சொல்லுதிய?”

அக்கா அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்தது, திறந்தது, மறுபடி திறந்தது.

மெழுகு உருகி வழிந்தது.

பாறை இடுக்கிலிருந்து மிச்சமிருந்த மீன் வெளியே வந்தது. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்டது. தள்ளாடி மேலே ஏறியது. சுடர் வெளிச்சம் விழுகிற அதே மூலையில், சீலியின் முகத்துக்குப் பக்கத்தில், தண்ணீரின் மேல் மட்டத்துக்கு வந்து நின்றது.

அதன் வாய் திறந்தது. திறந்தது. மறுபடி திறந்தது.

ரெண்டு வாயும் ஒரே தாளத்தில் அசைந்தன.

அக்கா மீனைச் சுட்டிக்காட்டினாள்.

“அண்ணாச்சி” என்றாள். “இதுவும் உங்க பேரத்தான் சொல்லுதா?”

தார்சியுஸ் மீனைப் பார்த்தார். சீலியைப் பார்த்தார். திரும்ப மீனைப் பார்த்தார்.

அப்புறம் அவர் கண் மெல்ல மேலே போனது. தொட்டிக்கு மேலே, சாத்திக் கிடந்த ஜன்னலுக்கு.

“அவ கைய நீட்டுனா” என்றார். “அக்கா, அவ கைய இந்தப் பக்கம் நீட்டுனா. நான் தொட்டியத்தான்னு நெனச்சேன். அவ காத்துக்கு…”



அவர் சட்டைக் கையை மடிக்கவில்லை. தோள்வரைக்கும் அப்படியே தண்ணீருக்குள் விட்டு, மோட்டாரின் மூக்கைப் பிடித்து மூலையைப் பார்க்கத் திருப்பினார். எதிர் மோட்டாரையும் திருப்பினார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, சுவிட்சைப் போட்டார்.

ரெண்டு ஓட்டமும் மோதி மூலைக்குள் புகுந்தன. மிச்சமிருந்த கருப்பு எழும்பியது. சுடர் துண்டு துண்டாக உடைந்தது. மீன் தலையைத் திருப்பிக் கீழே இறங்கியது.

சீலியின் முகம் நெளிந்தது. கலைவதற்கு முன்னால் அந்த வாய் ஒரே ஒரு தடவை பெரிதாகத் திறந்தது.

பிறகு மூடியது.

இத்தனை நாளில் அது மூடி அவர் பார்த்ததே இல்லை.

தார்சியுஸ் ஸ்டூலைப் போட்டு ஏறினார். ஜன்னல் கொண்டி உப்புக் காற்றில் துருப்பிடித்து இறுகியிருந்தது. ரெண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள்.